ஒன்பதாம் பத்தியில் இறந்தவர்

சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரத்தில் அரியரத்தினம் என்ற பெயர் பதினொரு வீட்டு அழைப்பு மணிகளுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதினொரு வீட்டுக்காரரும் ஒருவருக்கொருவர் மாமனுமில்லை மச்சானுமில்லை, ஒருவருக்கு ஊர் வல்வெட்டித்துறை, ஒருவருக்குப் பாசையூர், ஒருவருக்குக் கிளிநொச்சிக்கு அப்பால் ஏதோ ஒரு குடியேற்றத்திட்டம். ஆனாலும் பதினொருவருக்கும் தகப்பன் ஒருவரே. அவர் சண்டிலிப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் அரியரத்தினம். அவர் இறந்து முப்பத்தேழு வருடமாகிறது. இந்த ஒக்டோபர் மாதம் அவர், பதினொருவரில் ஒருவனான நேசன் வீட்டில், மூன்றாம் மாடியில், தங்கியிருந்தார்.

அந்த மூன்றாம் மாடிக்குத்தான், அரியரத்தினத்துக்கு உண்மையில் பிறந்த ஒரே பிள்ளையான தவமலர், ஐம்பதாவது வயதில், முறுக்கும் பருத்தித்துறை வடையும் மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் அடைத்த பெட்டியோடு மூன்று வார விசாவில் வந்து சேர்ந்தாள். நேசன் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் உறவுமுறை எழுதுமிடத்தில் ‘நெடுங்காலக் குடும்ப நண்பர்’ என்றிருந்தது. அது பொய்யில்லை. ஊரில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கதியால் வேலிதான் இருந்தது. அந்த வேலியில் கறி கொடுத்துவாங்க ஓர் ஓட்டை, ஒரு பொட்டும் இருந்தது.

தகப்பன் அங்கே இருக்கிறார் என்பது அவளுக்கு வந்து இறங்குமுன்பே தெரியும். அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த மறுமாதம் யாரோ அனுப்பிய பேர்ண் கோயில் திருவிழா வீடியோவில், சாமிக்குப் பின்னால், வெள்ளை வேட்டிக்கு மேல் பனிக்காலக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் போவதை அவள் பார்த்தாள். நாற்பது தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நேசனுக்குப் போன் எடுத்து, “நேசண்ணா, நான் ஒருக்கா வரவேணும்” என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

ரயில் நிலையத்திலிருந்து ட்ராமில் போகும்போது நேசன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்:

“மலர், ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். அவருக்கு உன்னைத் தெரியாது.”

“தேப்பனுக்குப் பிள்ளையைத் தெரியாமப் போகுமோ? வளந்திட்டன், தலை நரைச்சிட்டுது, சரி. சொன்னாத் தெரியுந்தானே?”

“அப்பிடியில்லை. அவருக்குப் பொம்பிளைப் பிள்ளையே இல்லை.”

அவன் சொன்னது விளங்க, முப்பத்தாறு வருடம் பின்னுக்குப் போகவேண்டும். நேசன் பத்தொன்பது வயதில் இங்கே வந்து அகதி முகாமில் படுத்திருந்தபோது, அவனிடம் உடுப்பு இருந்தது, பசி இருந்தது, கதை இருக்கவில்லை. அவன் வீட்டில் ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் பிடிபடவில்லை, கூரையில் ஓர் ஓடுகூட உடையவில்லை. நாட்டில் அத்தனை நடந்தும் தன் வீட்டைமட்டும் தவிர்த்துவிட்ட விதியை அவன் அந்த நாட்களில் மனதாரத் திட்டினான். அடுத்த கட்டிலில் கிடந்தவர் பரமசாமி. ஊரில் அரசாங்கக் கச்சேரி வாசலில் மனு, பெற்றிசம் எழுதியவர், இங்கே எல்லோருக்கும் அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்ததால் ‘கேஸ் மாஸ்ரர்’ ஆகியிருந்தார். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

“உன்ர வீட்டில ஒண்டும் இல்லாட்டி, பக்கத்து வீட்டில?”

பக்கத்து வீட்டில் அரியரத்தினம் இருந்தார். சரியாகச் சொன்னால், முந்திய வருடம் இல்லாமற் போயிருந்தார். மானிப்பாய்ச் சந்தியில் பீரங்கிச் செல் விழுந்து, நாற்பத்துமூன்று வயதில்.

“செல் சரிவராது,” என்றார் மாஸ்ரர். “செல் எல்லாருக்கும் பொதுவா விழுகிறது. தேடி வரவேணும். உன்னைத் தேடி வந்தாங்கள், தேப்பன் வாசல்ல மறிச்சார். அவருக்குப் பிள்ளையள் எத்தினை?”

“ஒரு மகள். பதினாலு வயசு.”

“அப்ப நீ மகன். அவள் தங்கச்சி. ஆனா, தங்கச்சியைத் தனிய விட்டிட்டு ஏன் ஓடி வந்தனி எண்டு விசாரிக்கிறவன் கேப்பான். என்ன சொல்லுவாய்?”

நேசன் யோசித்தான்.

“அப்ப தங்கச்சி இல்லை,” என்றார் மாஸ்ரர், ஒரு கோடு இழுத்தார்.

அப்படிப் பதினான்கு பத்தியில் ஒரு கேஸ் உருவாயிற்று. நான்காம் பத்தியில் அரியரத்தினத்துக்கு இருதய நோய் வந்தது, இரக்கத்துக்காக. ஏழாம் பத்தியில் நாய் குரைத்தது. ஒன்பதாம் பத்தியில் அவர் தன் வீட்டு வாசலில், ஒரே மகனுக்காகக் கைகளை விரித்தபடி, சுடப்பட்டு இறந்தார். நேசன் இதை முறையாகத் தாய்க்கு எழுத, தாய் வேலிப் பொட்டால் எட்டிச் சொல்ல, அரியரத்தினத்தின் மனைவி காய் அரிந்த அரிவாளைச் சரித்து வைத்துவிட்டு, “சொல்லட்டும். அந்தப் பிள்ளையாவது தப்பட்டும். அவருக்கு இனி என்ன நட்டம்?” என்றா. பக்கத்திலிருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த தவமலரிடம் யாரும் கேட்கவில்லை, அவள் இல்லாத கதைக்கு அவளிடம் கேட்க நியாயமுமில்லை.

கேஸ் வென்றது. வென்ற கேஸைப் பரமசாமி வீணாக்குகிற ஆளில்லை. அடுத்த மூன்று வருடத்தில் பத்திரமின்றி வந்த இன்னும் பத்துப் பேருக்கு அதே பதினான்கு பத்தியையும் நாயோடு சேர்த்துக் கொடுத்தார். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிற நாடாகையால் பதினொருவரும் அரியரத்தினம் ஆனார்கள். இலங்கையில் இது மிகப் பரவலான பெயர் என்று அலுவலகத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்ததாகக் கேள்வி.

எட்டு வருடத்துக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதப் பின்னேரம், சங்கக்கடைக்குப் போகிற வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக அரியரத்தினம் ட்ராமால் இறங்கி, மூன்று மாடி ஏறி வந்து, மணியடித்து, கதவைத் திறந்த நாற்பத்தேழு வயது வழுக்கைத்தலை நேசனைப் பார்த்து, “தம்பி, அப்பா வந்திட்டன்” என்றார். நேசனின் மனைவி சுகிர்தா முதலில் கேட்டது, சாப்பிட்டீர்களா என்றுதான். இரண்டாவதாகக் கேட்டது, எத்தனை நாள் நிற்பீர்கள் என்று.

ஏன் வந்தார் என்று ஆராய்ந்தவர்கள் சிலர் இருந்தார்கள். ஒரு பொய்யைப் பதினொரு பேர் பதினொரு தரம், திகதி பிசகாமல், ஒரே சொல்லில், ஒரே இடத்தில் அழுது சொன்னால் அதற்கு எலும்பும் தசையும் வைக்காமல் வேறென்ன செய்யும் என்றார் தமிழ்ப் பள்ளிக்கூடத்து அதிபர், தருக்கம் படித்தவர். மற்றவர்களுக்கு ஆராய நேரமில்லை. எங்கே படுக்க வைப்பது என்பது அதைவிட அவசரமாயிருந்தது. பதினொரு பிள்ளைகளும் நேசன் வீட்டில் கூடி, அவரைத் தங்களோடு அனுப்பு என்று சண்டை பிடித்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, உனக்காகத்தான் மகனே மறிச்சனான் என்றார், ஒவ்வொருவரிடமும் அவரவர் தாயைப் பெயர் சொல்லி விசாரித்தார். பதினொரு தாய்மாரின் பெயர்களும் கேஸ்களில் இருந்தன. பதினொன்றிலும் இல்லாத ஒரு பெயர் தவமலரின் தாயுடையது.

அந்த நகரத்தில் ஒவ்வொரு கட்டடத்தின் நிலவறையிலும் உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று உண்டு, எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று கதவில் ஒரு அட்டவணை தொங்கும், அதை மீறினவனை அயலவர்கள் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்கள். அதே மாதிரி ஓர் அட்டவணையை அரியரத்தினத்துக்கும் போட்டார்கள். வீட்டுக்கு ஒரு மாதம். எல்லோரும் விடுமுறையில் போகிற ஓகஸ்டில் கோயில் மண்டபம். பாசையூர் யேசுரத்தினத்தின் மாதத்தில் அவர் பூசைக்குப் போய் நற்கருணைக்கு வாய் திறந்தார், அடுத்த மாதம் திருநீறு பூசினார், இரண்டிலும் அவருக்கு மனக்குறை இல்லை. நகரசபையில் பதியக் கூட்டிப் போனபோது, கண்ணாடி போட்ட பெண் கோவையை எடுத்துப் பார்த்து, இவர் இறந்துவிட்டதாக ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது, ஆகவே வதிவிட அனுமதி தேவையில்லை, குப்பையை மட்டும் வகை பிரித்துப் போடச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினாள். நினைவு நாட்களில் அவரே மேடையேறித் தன் படத்துக்கு விளக்கேற்றினார். பிறகு பதினான்கு பத்தியையும் ஒப்பித்தார். ஏழாம் பத்தியில் பிள்ளைகள் நாய் குரைக்கிற இடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு சிலர்மட்டும் அந்த நேரத்தில் எழும்பி வெளியே போய் நின்றார்கள். அவர்கள் உண்மையாகவே தகப்பனைப் பறிகொடுத்தவர்கள். விசாரணையில் உண்மையை, உண்மை வருகிற மாதிரியே, முன்பின்னாக, திகதி மாறி, இடையில் வேறெதையோ சொல்லி உளறியவர்கள். அவர்களில் பாதிப்பேருக்குக் கேஸ் தோற்றது. அவர்களுடைய தகப்பன்மார் ஒருவரும் ட்ராமில் வந்து இறங்கவில்லை.

தவமலரும் நேசனும் மூன்று மாடி ஏறி வந்தபோது கதவைத் திறந்தது அரியரத்தினம்தான். தலைமயிர் கறுப்பு. மேலுதட்டில் அதே கத்தரித்த மீசை. தன்னைவிட ஏழு வயது இளையவராக நின்ற தகப்பனைத் தவமலர் பார்த்தாள், அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் அவளுடைய நரைத்த தலையையும் கம்பளிச் சட்டையையும் பார்த்து, மரியாதையாக ஒரு அடி விலகி, பெட்டியை வாங்கிக்கொண்டு சொன்னார்:

“வாங்கோ அக்கா, வாங்கோ. பிரயாணம் எப்பிடி? குளிர் பிடிச்சுதோ?”

இறந்த மனிதர் கதவைத் திறப்பதற்கு அவள் மனதைத் தயார்செய்து கொண்டுதான் வந்திருந்தாள். அக்கா என்ற சொல்லுக்குத் தயார்செய்யவில்லை.

பன்னிரண்டு நாள் அவள் தன்னால் இயன்றதெல்லாம் செய்து பார்த்தாள். கொண்டுவந்த ஒடியல் மாவில் கூழ் காய்ச்சினாள். சண்டிலிப்பாயில் பிலாவிலையில் ஏழெட்டுத் தரம் வாங்கிக் குடித்த மனிதர், “எனக்கு இருதய வருத்தம் அக்கா, இது சரிவராது” என்று நான்காம் பத்தியின்படி ஒதுக்கி வைத்தார். சங்கக்கடையின் மரத் தட்டு, சீனிச் சாக்கில் மொய்த்த எறும்பு, கூப்பன் மட்டை, சைக்கிள் பாரில் ஒரு பிள்ளை இருந்து வருமே, எல்லாவற்றையும் கதையோடு கதையாகச் சொன்னாள். அவர் நல்ல கேள்விச் செல்வமுள்ளவர்போலத் தலையாட்டிக் கேட்டு, “உங்கட ஊரிலயும் சங்கக்கடை இருந்ததோ?” என்றார்.

பன்னிரண்டாம் நாள் அவள் குசினியில் நேசனை மறித்தாள். சுகிர்தா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“நேசண்ணா, நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நான் அவற்ற மகளெண்டு. உங்கட வாயால போனது, உங்கட வாயாலதான் வரும்.”

“நான் தனியச் சொல்லேலாது, மலர். மற்றப் பத்துப் பேர் இருக்கினம்.”

“பத்துப் பேரும் என்ர அப்பாவை வைச்சிருக்கினம். நான் அவரைக் கொண்டுபோகக் கேக்கேல்லை. என்னை மகளெண்டு ஒருக்காச் சொல்லட்டும், அடுத்த பிளேனில போறன்.”

“தங்கச்சி இருந்ததெண்டாப் பொய் சொன்னதெண்டு வரும். பாஸ்போட் போகும். பிள்ளையளின்ர பாஸ்போட்டும் போகும்.”

“ஆருக்குத் தெரியவரும்? இந்தக் குசினிக்கை ஆர் வந்து கேக்கிறது?”

சுகிர்தா கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “மலர், இவற்ற சொந்தத் தேப்பன் ரெண்டாயிரத்து ஒன்பதில செத்தது தெரியுந்தானே? வேலையிடத்தில லீவு கேட்டவர். உமக்குத் தேப்பன் முதலே செத்திட்டார் எண்டு பதிஞ்சிருக்கு, ரெண்டாந்தரம் எப்பிடிச் சாவார் எண்டு கேட்டவங்கள். போகேல்லை. பாத்றூமுக்கை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுதவர். எங்கள் எல்லாருக்கும் ஒவ்வொண்டு போயிருக்கு.”

“போனது உங்களுக்கு,” என்றாள் தவமலர். “எடுத்தது என்னட்டை.”

சுகிர்தா திரும்பக் கத்தியை எடுத்து வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நேசன் பத்துப் பேரையும் கூப்பிட்டான்; அந்தளவுக்கு அவன் நல்லவன். அரியரத்தினத்தைப் பேரப்பிள்ளைகளோடு ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டு, பதினொரு மகன்மாரும் சோபாவிலும் தரையிலுமாக இருந்தார்கள், பெரும்பாலானோர் தகப்பனைவிடக் கிழவர்கள். தவமலர் பிளாஸ்டிக் உறையிலிருந்து தன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்து நீட்டினாள். அது கைக்குக் கையாகப் போயிற்று. கிளிநொச்சிக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

“இதெல்லாம் கொழும்பில எடுக்கலாம், தங்கச்சி.”

“நீங்கள் எடுத்தனீங்களோ?”

“எடுத்தனான். அதுதான் சொல்லுறன்.”

யாரோ சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். ஒருவர், மகளென்று வந்தால் அட்டவணை குழம்பும் என்றார். மற்றவர், இன்றைக்கு ஒரு மகள் வந்தால் நாளைக்கு மனைவி வராளென்று என்ன நிச்சயம் என்றார். இன்னொருவர், உண்மையான வருத்தத்தோடுதான், எனக்கென்று இந்த ஊரில் இருப்பது அந்த மனிசன் மட்டுந்தான், அந்த மனிசனுடைய மனதில் இன்னொரு பிள்ளை இருக்கிறதென்று தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று கண்ணைத் துடைத்தார். முடிவில் யேசுரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் ஏற்ற ஒரு வழியைச் சொன்னார். பதினான்கு பத்தியில் எங்கேயும், தகப்பனுக்குச் சகோதரி இல்லையென்று எழுதப்படவில்லை. வயதும் பொருந்துகிறது. அவரும் இப்போதே அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

“எங்களுக்கு மாமி முறை. ஒரு பிரச்சினையும் வராது. வருசா வருசம் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடுவம்.”

பதினொரு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். சுகிர்தா தேத்தண்ணி கொண்டுவந்தாள். தேத்தண்ணியோடு தவமலர் கொண்டுவந்த முறுக்கும் வந்தது, நல்ல முறுக்கு மாமி என்று ஒருவர் உடனேயே பழக ஆரம்பித்தார். தவமலர் பத்திரத்தைத் திருப்பி வாங்கி, உறையில் வைத்து, “நான் ஆருக்கும் மாமியில்லை” என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

மறுநாள் திங்கட்கிழமை, நேசன் வீட்டின் தோய்க்கும் நாள். காலை பத்து மணிக்கு அரியரத்தினம் கூடையோடு நிலவறைக்குப் போனார். தங்குகிற வீட்டில் தோய்க்கிற வேலையை அவரே எடுத்துக்கொள்வது வழக்கம், சும்மா இருந்து சாப்பிட்டால் செத்தவருக்கும் கூச்சம் வரும். தவமலர் பின்னால் இறங்கிப் போனாள். சின்ன ஜன்னலால் நிலமட்டத்து வெயில் விழுந்தது. மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அவளுடைய சேலையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றத் தலைப்பைப் பிடிக்கும்படி கண்ணால் காட்டினார். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று மடிக்கத் தொடங்கினார்கள்.

“உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்,” என்றாள்.

“சொல்லுங்கோ.”

அவள் சொன்னாள். முப்பத்தேழு வருடமாக ஒருவரோடும் பேசாததை, தெரிந்த தாயோடும் தெரியாத புருசனோடும் பேசாததைச் சொன்னாள். தேடி ஒருவரும் வரவில்லை. நாய் குரைக்கவில்லை, வீட்டில் நாயே இல்லை. செவ்வாய்க்கிழமை. சோதனைக்கு ஒரு கிழமை இருந்தது, அவளுடைய கொம்பாஸ் பெட்டியின் மூடி உடைந்திருந்தது, உடைந்தாலும் பாவிக்கலாம், ஆனால் வகுப்பில் ஒரு பெட்டை புதுப் பெட்டி கொண்டுவந்திருந்தாள், அதனால் அவள் காலையிலிருந்து சாப்பிடாமல் அழுதாள். இல்லை, சாப்பிட்டாள், பத்து மணிக்குப் பிறகு சாப்பிட்டாள், அது வேறு நாளோ தெரியாது. சண்டிலிப்பாய்க் கடையில் இல்லை. மானிப்பாயில் இருக்கும் என்று அவர் சைக்கிளை எடுத்தார். அம்மா வேண்டாம் என்றா. அவர் சிரித்துக்கொண்டு, அரை மணித்தியாலத்தில் வந்திடுவன் என்றார். செல் விழுந்தபோது பெட்டி வாங்கியிருந்தார். பெட்டி ஒரு கீறல் இல்லாமல் வந்தது. அதை வைத்துத்தான் அவள் சோதனை எழுதினாள், கணக்கில் தொண்ணூற்றொரு புள்ளி.

“நான் கேட்டதாலதான் போனனீங்கள், அப்பா,” என்றாள். “என்னை ஏசுங்கோ. அடிச்சாலும் பறவாயில்லை. ஆனா என்னைத் தெரியுமெண்டு சொல்லுங்கோ.”

மெசின் கடைசிச் சுற்றுக்கு வந்து, அதிர்ந்து, நின்றது. அரியரத்தினம் மடித்த சேலையைக் கூடைமேல் வைத்து, அதன் ஓரங்களைக் கையால் நீவிவிட்டார். அவருடைய கண் நிறைந்திருந்தது. இளகிய மனிதர், அதை அவரிடமிருந்து பரமசாமியாலும் எடுக்க முடியவில்லை. அவர் கிட்ட வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, இந்த நாட்டில் முன்பே வந்து பழகியவர் புதிதாக வந்தவருக்குச் சொல்கிற தணிந்த குரலில் சொன்னார்:

“நல்ல கேஸ், அக்கா. எனக்கே அழுகை வந்திட்டுது. ஆனா இப்ப எடுக்கிறாங்களில்லை. செல் எண்டு சொல்லாதேங்கோ, செல் பொதுவா விழுகிறது. சாப்பிட்டதோ சாப்பிடேல்லையோ எண்டு மாறிச் சொல்லக் கூடாது.” கொஞ்சம் யோசித்தார். “அந்தக் கொம்பாஸ் பெட்டியை எடுத்துவிடுங்கோ. அதை ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

பிறகு கூடையின் ஒரு கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு, மற்றதை அவள் பிடிப்பதற்காகக் காத்து நின்றார்.